புலி போட்ட கம்பளி

திருச்சியில் மழை பெய்யாத வருடம் உண்டு, வெயில் அடிக்காத வாரம் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு பரணில் ஒரு கம்பளி இருக்கும். சாதாரணக் கம்பளி இல்லை, தூக்கினால் தோள்பட்டை இறங்கும் கனம். அதில் ஒரு புலி படுத்திருக்கும், அல்லது தாம்பாளம் அளவுக்கு ஒரு ரோஜா பூத்திருக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வந்தது, வந்த பையிலேயே இருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வந்த சொந்தக்காரர் கொடுத்ததாக இருக்கும். அதை யாரும் போர்த்தப் போவதில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கம்பளி இல்லாமல் வந்தால், அவர் வந்ததாகவே கணக்கில்லை.

என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே சிங்கப்பூர் போனவர். கட்டடம் கட்டும் கம்பெனியில் சாரம் கட்டும் வேலை. போகப்போக, சாரம் கட்டுகிறவர்களை மேய்க்கும் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். சொந்த ஊர் உப்பிலியபுரம் என்பதால் அங்கிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் விமான நிலையத்துக்கு வந்து நிற்கும். அவருடைய அக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்வார். வெளியே வருகிற மனிதரை யாரும் முதலில் பார்ப்பதில்லை, தள்ளுவண்டியில் பெட்டி எத்தனை என்றுதான் பார்ப்பார்கள். அப்புறம், "எளைச்சுப் போயிட்டீங்களே" என்பார்கள். அவர் தொப்பையோடு வந்து இறங்கிய வருடமும் இதையேதான் சொன்னார்கள்.

போன வருடம் அவர் வந்தபோது வேன் இல்லை. முந்தின நாள் போனில் "வரேன்" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். புத்தூரில் ஆஸ்பத்திரிகளை நம்பிப் பிழைக்கும் மருந்துக் கடைகளில் ஒன்றில் எனக்கு வேலை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரே ஒரு பெட்டியோடு இறங்கினார்.

எதிர் வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "லீவுங்களா?" என்று கேட்டார்.

இவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டவர் இஷ்டம் என்று ஒரு தலையாட்டல். அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் வித்தை என்று அன்றைக்கு நினைத்தேன். எதிர் வீட்டு அம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கோலத்துக்குத் திரும்பினார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "வேலை போயிடுச்சு" என்றார்.

"யாருக்கு?" என்றேன். அப்படிக் கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவர் விளக்கினார். இந்த விவகாரத்தை வாழ்நாள் முழுக்க அரைகுறையாகக் கேட்டு வந்தவள் நான், அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. வெளிநாட்டு ஆள் ஒருவரை வேலைக்கு வைத்தால் கம்பெனி அந்த அரசாங்கத்துக்கு மாதாமாதம் ஒரு வரி கட்ட வேண்டும். லெவி என்பார்கள். கட்டட ஆர்டர்கள் குவிந்து கிடக்கும்போது கம்பெனி சிரித்துக்கொண்டே கட்டும். ஆர்டர் குறைந்தால் முதலில் கண்ணை உறுத்துவது லெவிதான். இது போதாதென்று, உள்ளூர் ஆள் இத்தனை பேர் இருந்தால் வெளியூர் ஆள் இத்தனை பேர் என்று ஒரு வரம்பு உண்டு. காலம் கெட்டால் அதை இறுக்குவார்கள், காலம் தெளிந்தால் தளர்த்துவார்கள். "சாரக்கயிறு மாதிரிதான்" என்றார் இவர். கயிற்றின் மேல் நிற்கிறவனைக் கேட்டுக்கொண்டு யாரும் இறுக்குவதில்லை.

அதைவிடப் பெரிய முடிச்சு பெர்மிட். அதில் இவர் போட்டோ இருக்கும், இவர் பெயர் இருக்கும், ஆனால் அது கம்பெனியோடு சேர்த்துக் கட்டியது. கம்பெனி வேண்டாம் என்றால் பெர்மிட் போச்சு, பெர்மிட் போனால் அந்த ஊரில் நிற்க இடம் போச்சு. நாலு நாள் அலைந்து வேறு வேலை தேடிக்கொள்கிறேன் என்றெல்லாம் சொல்ல முடியவில்லை. டிக்கெட் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே புதுக் கட்டடம் குறைந்தால் புத்தூரில் எங்கள் வீட்டுத் தாளிப்பில் எண்ணெய் குறையும். இதுதான் எனக்குத் தெரிந்த பொருளாதாரம்.

நான் பார்த்தேயிராத ஒரு கம்பெனி மேலும், பார்த்தேயிராத ஒரு அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்: சந்தோஷம். மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் போகும் தேதி என்று ஒன்று தலைக்கு மேல் தொங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு காலை கிடைத்ததில்லை. அவர் முகம் இருந்த இருப்பில் இதை அவரிடம் சொல்லவில்லை, டீ போடப் போனேன்.

டீ கொதிப்பதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து போன். எதிர் வீட்டு அம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது என் நாத்தனார்தான். செய்தி எந்த வழியாகப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்னம்மா, தம்பி லீவுல வந்திருக்கானாமே. ஒரு வார்த்தை சொல்லல."

"அண்ணி, அது வந்து…" என்று நான் இழுப்பதற்குள் இவர் போனை வாங்கினார்.

"ஆமாக்கா. லீவுதான். திடீர்னு குடுத்துட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. மாப்பிள்ளையும் வர்றாரு, உன்கிட்ட பேசணுங்கறாரு."

போனை வைத்ததும் நான் பார்த்த பார்வையில் அவரே சொன்னார். "ரெண்டு மாசத்துல நிலைமை சரியாயிடும். கம்பெனி திரும்பக் கூப்பிடும். அதுக்குள்ள எதுக்கு ஊரெல்லாம் தம்பட்டம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்றேன். சின்னப் பூசணிக்காய்தான் என்றார்.

அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்தார். துணிமணி, சார்ஜர், பாதி தீர்ந்த தைலப் பாட்டில், ஒரு மஞ்சள் ஹெல்மெட். சாக்லேட் இல்லை, சென்ட் இல்லை, கம்பளி இல்லை. கிளப்பிவிட்ட அவசரத்தில் கடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லையாம். ஹெல்மெட்டுக்கு மட்டும் நேரம் கிடைத்ததா என்று கேட்டேன். "அது என் சொந்தக் காசுல வாங்குனது" என்றார் ரோஷமாக.

லீவில் வந்தவர் அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போனால், கதவைத் தாண்டுவதற்குள் குட்டு உடைந்துவிடும். ஆக, சனிக்கிழமை சாயங்காலம் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்துக்குள் போனோம். அங்கே ஃபாரின் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் வேண்டாதவர்கள் அங்கே கொண்டுபோய் விற்பார்கள், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நான் வர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் இவரைத் தனியாக விட்டால் சொன்ன விலைக்கு வாங்கி வந்துவிடுவார் என்ற பயம் பெரிதாக இருந்தது.

கடைக்காரர் எங்களைப் பார்த்த மாத்திரத்தில், "எப்ப வந்தீங்க?" என்று இவரிடம் கேட்டார். இவர் திடுக்கிட்டார்.

"பயப்படாதீங்க. நல்ல காலத்துல இங்க விக்கத்தான் வருவாங்க. பரண்ல இடமில்லைன்னு தைலம், கம்பளி எல்லாம் கொண்டாந்து போடுவாங்க. இந்த மாசம் பூரா வாங்கத்தான் வர்றாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அங்க ஏதோ சரியில்ல" என்றார். நியூஸ் பார்க்கிறவர்கள் வீணாக மின்சாரம் செலவழிக்கிறார்கள் என்று தோன்றியது.

சாக்லேட் டப்பா, சென்ட் பாட்டில், தைலம் எடுத்தோம். கம்பளியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். புலி போட்டது. பையின் கைப்பிடி ஒரு பக்கம் அறுந்து, பச்சை நூலால் தைத்திருந்தது. கைப்பிடியைக் காட்டியே நான் விலையைக் குறைத்தேன். விமானத்தில் தூக்கிப் போட்டதில் அறுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னேன். அவ்வளவு தெளிவாக யோசித்தவள், விமானத்தில் அறுந்ததை யார் தைத்தார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் அந்தக் கம்பளி என் மடியில் இருந்தது. நல்ல உச்சி வெயில். மடியில் உண்மையிலேயே ஒரு புலியை வைத்துக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

அண்ணி தனியாள். தையல் மெஷினை வைத்தே மகளைப் படிக்க வைத்து, பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்துவிட்டார். மருமகன் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். நிரந்தர வேலை, பி.எஃப். பிடிக்கிற வேலை. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மாமா, உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். எனக்கும் சிங்கப்பூர்ல சீட் ரெடி. வெல்டிங் டெஸ்ட் பாஸாயிட்டேன். மாசக் கடைசி திங்கக்கிழமை இங்க வேலைய விட்டுர்றேன்."

அண்ணி பெருமையோடு தம்பியைப் பார்த்தார். "நீ அங்க இருக்கிற தைரியத்துலதான் நான் சரின்னேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

இவருக்கு வாயில் போட்ட வடை அப்படியே நின்றுவிட்டது. நான் முழங்கையால் இடித்தேன். சொல்லித் தொலையுங்கள் என்று அர்த்தம். மென்று விழுங்கிவிட்டு, "இதுவும் நல்ல வேலைதானே மாப்பிள்ளை" என்றார்.

"நீங்க போனதுனாலதானே மாமா வீடு கட்டுனீங்க" என்றார் அவர். இவர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே இவர் தலையில் ஹெல்மெட் இல்லாத நேரம் பார்த்து ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

சாப்பிட்ட பிறகு சாமான்களை எடுத்து வைத்தோம். அண்ணி சென்ட்டை முகர்ந்தார், தைலத்தைத் திறந்து நெற்றியில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார். கடைசியாகக் கம்பளியை இழுத்தார். கை கைப்பிடிக்குப் போனது, பச்சை நூலின் மேல் நின்றது. கட்டைவிரல் அந்தத் தையலை இரண்டு தடவை தடவியது.

"நல்ல கம்பளி" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

நடந்தது இதுதான். முந்தின லீவில் நாங்கள் அண்ணிக்குக் கொடுத்ததும் ஒரு புலிக் கம்பளி. அவர் பரணில் ஏற்கெனவே மூன்று இருந்தன. அதனால் அதை எடுத்து, இழுத்த வேகத்தில் அறுந்த கைப்பிடியை, அன்றைக்கு மெஷினில் இருந்த பச்சை நூலைப் பிரித்துக் கையாலேயே தைத்து, சிங்காரத்தோப்புக் கடையில் விற்றுவிட்டார். ரவிக்கைப் பட்டன் ஓட்டைக்குப் போடும் காஜா தையல். திருச்சியில் கம்பளிப் பையின் கைப்பிடிக்கு யாரும் காஜா போட மாட்டார்கள். ஊரெல்லாம் சுற்றிய புலி மறுபடியும் அவர் மடியிலேயே வந்து படுத்திருந்தது.

அவருக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. தம்பி கம்பளியை இங்கே வாங்கியிருக்கிறான். அங்கே வாங்க அவனுக்கு நேரமில்லை அல்லது வழியில்லை. அப்படியென்றால் இது லீவு இல்லை. ஆனால் இதைக் கேட்க வேண்டுமென்றால், தம்பி ஆசையாகக் கொடுத்ததை விற்றதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்களே, அண்ணிக்கும் கத்த முடியவில்லை, எங்களுக்கும் கத்த முடியவில்லை. ஒரே தேள், இரண்டு பக்கமும் கொட்டிவிட்டது. எனக்கு இதெல்லாம் பின்னால் தெரிந்ததுதான். அன்றைக்கு, வெயிலில் அண்ணிக்குத் தலைசுற்றல் போலிருக்கிறது என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க அண்ணி போன் செய்தபடியே இருந்தார்.

"தம்பி, அந்தக் கம்பளி அங்க எந்தக் கடையில வாங்குன?"

"ஒரு பெரிய கடைக்கா. அஞ்சு மாடி."

"வாங்கும்போது கைப்பிடி நல்லாயிருந்துச்சா?"

"சூப்பரா இருந்துச்சு. ஏன்க்கா?"

"இல்ல, கேட்டேன்."

மறுநாள், "அந்தக் கடையில தையல் வேலையெல்லாம் செஞ்சு குடுப்பாங்களா?" என்று கேட்டார். "அங்க எல்லாம் செய்வாங்கக்கா" என்று இவர் சிங்கப்பூரின் பெருமையை விளக்கினார். அக்காவுக்குக் கம்பளி ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னொன்று கேட்பார் போலிருக்கிறது என்று என்னிடம் கவலைப்பட்டார்.

வீட்டில் அவர் பாடு தனிக் கூத்து. மின்விசிறி துடைக்க நான் ஸ்டூலில் ஏறினால், முதலில் ஸ்டூலின் நாலு காலையும் ஆட்டிச் சோதிப்பார், பிறகு என் தலையில் அந்த மஞ்சள் ஹெல்மெட்டை வைப்பார். ஒரு நாள் சாம்பார் வைக்கிறேன் என்று வைத்தார். தங்கும் விடுதியில் முறைபோட்டு ஒரு அறைக்கே சமைத்த கை; தெருவுக்கே கொடுத்தும் மூன்று நாள் மிஞ்சியது. காலேஜ் படிக்கும் எங்கள் மகள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு விகற்பமும் இல்லை, அப்பா என்றால் கிளம்புகிறவர் என்றே வளர்ந்தவள். செமஸ்டர் பரீட்சைக்கு முன்பா பின்பா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். இவர் தலையை ஆட்டினார், அதே பழைய ஆட்டல். பிறகு கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியில் நின்றார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"மகளுக்கும் சொல்லல, அக்காவுக்கும் சொல்லல. அந்த மாப்பிள்ளை திங்கக்கிழமை வேலைய விட்டுட்டா அந்தப் பாவம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"கம்பெனியிலேருந்து கூப்பிட்டா?"

"கூப்பிடலன்னா?"

வெள்ளிக்கிழமை இப்படிப் பேசினோம். சனிக்கிழமை அண்ணியிடமிருந்து போன். இந்தத் தடவை கம்பளிக் கேள்வி இல்லை. "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நாங்கள் போனபோது மருமகன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை. வேலையை விடப் போகிற மனிதர் முகச்சவரமெல்லாம் செய்துகொண்டு பளபளப்பாக இருந்தார். கூடத்தின் நடுவில் அந்தக் கம்பளி, பையோடு. அண்ணி அதைத் தம்பியின் பக்கம் தள்ளினார்.

"இது நான் வித்த கம்பளி" என்றார்.

அண்ணி கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார்.

"நீ போன தடவை குடுத்தியே, அது. வச்சுக்க இடமில்லைன்னு சிங்காரத்தோப்புல கொண்டுபோய் வித்தேன். இந்தக் கைப்பிடி நான் தச்சது. நீ ஆசையா குடுத்தத வித்தது தப்புதான். ஒரு வாரமா இத எப்படிச் சொல்றதுன்னு தூக்கமில்ல. நான் என் பங்கச் சொல்லிட்டேன்டா. இப்ப உன் பங்க நீ சொல்லு. மாப்பிள்ளை நாளைக்கு வேலைய விடுறாரு."

இவர் பச்சை நூலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து சொன்னார். "லீவு இல்லக்கா. வேலை போயிடுச்சு."

சொல்ல ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னார். லெவி, வரம்பு, பெர்மிட்டின் முடிச்சு, ஒரே பெட்டியோடு ஏறிய விமானம். "என்னை மாதிரி பழைய ஆளுங்களையே அனுப்பிட்டாங்க மாப்பிள்ளை. ஏஜெண்டு அனுப்பிட்டேதான் இருப்பான், அவனுக்கு அதுதான் பொழப்பு. போயி நாலே மாசத்துல அங்க வேலை இல்லைன்னா, நீங்க அடுத்த பிளைட்டுல இங்க இருப்பீங்க. அப்ப துவாக்குடியில உங்க இடத்துல வேற ஆளு நிப்பான். நல்லா இருக்கும்போது போங்க, வேணாங்கல. இப்ப வேணாம்."

மருமகன் கொஞ்ச நேரம் கம்பளியின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "மாமா, நான் வேலைய விட்டப்புறம் செவ்வாய்க்கிழமை இத சொல்லியிருந்தா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இவருக்கு அது அதிகமாக வலித்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது. சாரத்தின் உச்சியில் நிற்கும் போட்டோக்களை அனுப்பி என்னைப் பயமுறுத்திய மனிதர், ஒரு கூடத்தின் நடுவில் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன் அத்தை" என்றார் மருமகன், மாமியாரிடம்.

அண்ணி எழுந்தார். "வேலை போனா என்னடா, அக்கா வீடு போயிடுச்சா? எந்திரிங்க, சோறு ஆறுது" என்றபடி அடுப்படிக்குப் போனவர், பாதியில் திரும்பினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்தக் கம்பளிய அங்க யாராவது போர்த்துறாங்களா?"

"அங்கேயும் புழுக்கம்தான்க்கா" என்றார் இவர். "யாரும் போர்த்தறதில்ல. ஊருக்குப் போறவங்கதான் வாங்குவாங்க."

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. மருமகன்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்ட வத்தக்குழம்பு மாதிரி நான் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, பின்பும் சாப்பிட்டதில்லை. கிளம்பும்போது அண்ணி கம்பளியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். "அந்தக் கடையிலயே போட்டுரும்மா. அடுத்து எவனாவது வெறுங்கையோட வந்து எறங்குவான், அவனுக்கு வேணும்ல."

அந்தப் புலியை மறுபடியும் சிங்காரத்தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போக எங்களுக்கு நேரம் வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் இவருக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் சாரம் கட்டும் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் அங்கே வாங்கியதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வங்காளத்துக்காரர்கள், பீகார்க்காரர்கள். சிங்கப்பூர் விடுதியில் பங்களாதேஷ்காரர்களோடு ஒரே அறையில் கிடந்தவருக்கு, அவர்களோடு பேச ஒரு கலப்புப் பாஷை கைவசம் இருந்தது. இந்த ஊரில் அது இவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கம்பெனி இன்னும் கூப்பிடவில்லை. மகள் இப்போது, "அப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாள். வரும்போது முறுக்கு வாங்கி வரச் சொல்லத்தான்.

கடைக்காரர் கம்பளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடைக்கு ரெண்டாவது தடவை வருதுங்க" என்றார். எங்களைத் திட்டவும் இல்லை, காரணம் கேட்கவும் இல்லை. மேல் தட்டில் வைக்கப் போனவரை ஒரு குரல் நிறுத்தியது.

முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், வடக்கத்திக்காரர், கம்பளியைக் காட்டி விலை கேட்டார். காலடியில் கயிறு கட்டிய ஒரு பை. சிமெண்ட் படிந்த ஷூ. கடைக்காரர் எங்களிடம் தணிந்த குரலில், "இப்பல்லாம் இவங்கதான் வாங்குறாங்க. இங்க ரெண்டு மூணு கட்டடம் நின்னுபோச்சுல்ல" என்றார்.

இவர் தம் கலப்புப் பாஷையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். வங்காளத்தில் மால்டாப் பக்கமாம். ராத்திரி ரயிலில் ஊருக்குப் போகிறாராம். கம்பளி அக்காவுக்காம். அங்கே மார்கழியில் நிஜமாகவே குளிருமாம், கையைத் தேய்த்துக் காட்டினார். ஒருவழியாக அந்தப் புலியை ஒருவர் போர்த்தப் போகிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

"லீவா?" என்று இவர் கேட்டார்.

"லீவு" என்றார் அந்த மனிதர். தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பிறகு இவர் கடைக்காரர் கையிலிருந்து கம்பளியை வாங்கி அந்த மனிதரின் கையில் வைத்து, கைப்பிடியின் பச்சை நூலைத் தொட்டுக் காட்டி, மெதுவாக ஏதோ சொன்னார். அந்த மனிதர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அக்காகிட்ட உண்மையச் சொல்லிருன்னேன். எப்படியும் அவங்களுக்குத் தெரிஞ்சிரும், அதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்டா சோறு சூடா கிடைக்கும்னேன்" என்றார்.